ஓட்டுக்கு எதற்கு விமானச் சீட்டு?

தேர்தல் வந்தால் தாமிரபரணியின் கடைமடை ஊரான ஆத்தூரிலும், அதைச் சுற்றியுள்ள முக்காணி, புன்னைக்காயல், காயல்பட்டினம், ஆறுமுகநேரி ஊர்களிலும் வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாகப் போகிறவர்கள் எல்லாப் பெயர்களுக்கும் ஓட்டுக் கேட்பதில்லை. சவூதியில் இருக்கிறார், கப்பலுக்குப் போயிருக்கிறார், சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார் என்று வீட்டார் சொன்னால், அந்தப் பெயருக்கு நேரே ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் குறிக்குப் பின்னால் நம் சமூகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரு கருத்து நிற்கிறது. ஊரைவிட்டுப் போனவருக்கு ஊர் நிலவரம் தெரியாது. அவர் இங்கே வரி கட்டுவதில்லை. யார் ஆண்டாலும் அவருக்கு ஒன்றுதான். உண்மையாகவே அக்கறை இருந்தால் வந்து போட்டுவிட்டுப் போகட்டும், சட்டம் ஒன்றும் தடுக்கவில்லையே என்பதே அந்தக் கருத்து. டீக்கடையில் இதைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் இதையே சட்டமொழியில் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கருத்து தவறு. அரசியல் சட்டத்தின்படியும் தவறு, கையில் உள்ள கணக்குகளின்படியும் தவறு, இந்தக் கடற்கரை மக்கள் வாழும் முறையை வைத்துப் பார்த்தால் அநியாயமும்கூட.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். அரசியல் சட்டத்தின் 326ஆவது பிரிவு வயதுவந்த ஒவ்வொரு குடிமகனுக்கும் வாக்குரிமை தருகிறது. அதே பிரிவு, நாட்டில் வசிக்காமையைக் காரணம் காட்டி அந்த உரிமையைச் சட்டத்தின் வழியே மறுக்கலாம் என்றும் இடம் விட்டிருக்கிறது. எதிர்த்தரப்பின் வலுவான ஆதாரம் இதுதான் என்பதால் இதை மறைக்க வேண்டியதில்லை. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும், ஒரு தொகுதியில் சாதாரணமாக வசிப்பவரே அங்கே வாக்காளர் ஆகலாம் என்றுதான் விதித்தது. ஆனால் நாடாளுமன்றம் 2010இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, 20ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. 2011 பிப்ரவரி 10 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வேலைக்காகவோ படிப்புக்காகவோ வேறு காரணத்துக்காகவோ வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன், வேறு நாட்டுக் குடியுரிமை பெறாதவரையில், தன் கடவுச்சீட்டில் உள்ள ஊரின் வாக்காளர் பட்டியலில் இடம்பெறலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அங்கே தற்காலிகமாக இருக்கிறாரா, நிலையாக இருக்கிறாரா என்று அது கேட்கவில்லை. ஆகவே வெளிநாட்டில் இருப்பவருக்கு ஓட்டு உண்டா என்ற கேள்விக்கு இந்தியக் குடியரசு ஏற்கெனவே விடை சொல்லிவிட்டது. மிச்சமிருப்பது, உண்டு என்று சொன்ன ஓட்டை அவர் கையில் எப்படிக் கொடுப்பது என்ற கேள்வி மட்டுமே. இங்கே வசிக்காதவருக்கு ஓட்டு எதற்கு என்று இன்னும் கேட்பவர்கள், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நாடாளுமன்றம் தீர்த்துவைத்த வழக்கைத் திரும்பவும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் திருத்தம் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடித்துக்கொண்டது. படிவம் 6ஏ நிரப்பி, பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வாக்குப்பதிவு நாளில் அசல் கடவுச்சீட்டோடு தன் ஊர் வாக்குச்சாவடிக்கு நேரில் வந்தால்தான் ஓட்டுப் போட முடியும். விளைவைத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவரமே காட்டுகிறது. 2024 மக்களவைத் தேர்தலின்போது பட்டியலில் இருந்த வெளிநாடு வாழ் வாக்காளர்கள் 1,19,374 பேர். வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. இந்த எண்ணைத்தான் எதிர்த்தரப்பு தன் வெற்றிச் சான்றாகக் காட்டுகிறது: பாருங்கள், உரிமை கொடுத்தும் வரவில்லை, அக்கறை இல்லை என்கிறது. அந்த 2,958 பேரில் 2,670 பேர் கேரளத்தவர் என்பதை அது சொல்வதில்லை. 2019 தேர்தலில் வாக்களித்த 25,606 பேரில் 25,534 பேர் கேரளத்தவர் என்பதையும் சொல்வதில்லை. மலையாளிகளுக்கு மட்டும் நாட்டின்மேல் அக்கறை, தமிழருக்கும் தெலுங்கருக்கும் பஞ்சாபியருக்கும் இல்லை என்று யாராவது வாதிடுவார்களா? வளைகுடாவில் கேரளத்தவருக்கு ஊன்றிய அமைப்புகள் உண்டு. தேர்தல் நேரத்தில் ஆட்களைத் திரட்டி, கூட்டமாக விமானத்தில் அனுப்பிவைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. ஐந்தே ஆண்டில் இந்தத் தொகை ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கியதற்கும் நாட்டுப்பற்று சுருங்கியது என்று யாரும் காரணம் கூற மாட்டார்கள். இந்த எண்களில் தெரிவது பயணம் செய்யும் வசதியின் ஏற்ற இறக்கம். மனத்தை அளக்க இந்த எண்கள் உதவா.

வந்து போட்டுவிட்டுப் போகட்டும் என்று சொல்வது எவ்வளவு பெரிய நிபந்தனை என்பதை 2024இன் நாட்காட்டியே காட்டும். மார்ச் 16 அன்று தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு. இடையில் 34 நாட்கள். ஒப்பந்தத்தில் போன கட்டுமானத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோதான் ஊர் விடுப்பு. அது எந்த மாதம் என்பதை முடிவு செய்பவர் முதலாளி. இந்தியாவுக்குள் வேலை செய்பவருக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளை நாட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது. ஓர் ஓட்டுக்காகப் போக வர விமானக் கட்டணம் கொடுத்தால் பலருக்கு ஒரு மாதச் சம்பளமே போய்விடும். கப்பலில் இருப்பவர் நிலை இன்னும் மோசம். நடுக்கடலில் இருக்கும் மாலுமி எந்தத் தொகை கொடுத்தாலும் இறங்கி வர முடியாது. ஆகவே இப்போதைய ஏற்பாடு வெளிநாட்டு இந்தியர்களுக்குள்ளேயே ஒரு வடிகட்டியை வைத்திருக்கிறது. பணம் உள்ளவர், தன் விடுப்பைத் தானே தீர்மானிக்கக்கூடிய தொழிலதிபர், ஓர் அமைப்பின் செலவில் வரக்கூடியவர் ஆகியோர் வடிகட்டியின் இந்தப் பக்கம் வந்துவிடுகிறார்கள். மீன்பிடி ஒப்பந்தத்தில் பஹ்ரைன் போனவரும், வீட்டு வேலைக்குக் குவைத் போன பெண்ணும் அந்தப் பக்கமே நின்றுவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பணம் தேர்தலில் விளையாடிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் முதலில் எதிர்க்க வேண்டியது இந்த நேர்வருகை விதியைத்தான்.

இந்தக் கரையில் இந்த அநியாயம் கூடுதலாக உறைக்கக் காரணம் உண்டு. வசிப்பிடம் என்றால் ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் இருப்பது என்ற எண்ணம் நிலத்தைச் சார்ந்து வாழ்பவரிடம் பிறந்த எண்ணம். ஆத்தூரின் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவருக்கு அது பொருந்தும். அவர் வீட்டிலிருந்து சில கல் தொலைவில் கடலை நம்பி வாழ்கிறவருக்குப் பொருந்தாது. 1961இல் கடைசி முத்துக்குளிப்பு நடக்கும்வரை, முத்துக்காகவும் சங்குக்காகவும் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளுக்கும் பருவந்தோறும் போய் வந்தவர்கள் இங்கே உண்டு. தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போய், காற்றும் துறைமுகமும் விட்டபோது திரும்புகிற தண்டலும் தோணித் தொழிலாளிகளும் தூத்துக்குடியில் இன்றும் உண்டு. தூத்துக்குடியிலேயே கடல்சார் பயிற்சிக் கழகம் இருக்கிறது. சரக்குக் கப்பல்களில் ஆறு மாதம், ஒன்பது மாதம் ஒப்பந்தத்தில் போகும் இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இவர்கள் எவரும் ஊரைவிட்டுப் போனவர்கள் ஆகமாட்டார்கள். போய்த் திரும்புவதே இவர்கள் ஊரில் வாழும் முறை. சட்டமும் இதை அறியும்: தற்காலிகமாக வெளியே இருப்பதனாலேயே ஒருவர் சாதாரண வசிப்பிடத்தை இழந்துவிட மாட்டார் என்று 1950ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. இருந்தும் வாக்குப்பதிவு நாளில் கப்பலில் இருப்பவருக்கு அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை. பெயர் பட்டியலில் இருக்கும், ஓட்டு இருக்காது.

தொலைவில் இருப்பவரின் ஓட்டை வாங்க வழியே இல்லை என்று அரசு சொல்ல முடியுமா? முடியாது. அந்த வழியை அரசே கட்டி, தன் ஊழியர்களுக்கு மட்டும் திறந்து வைத்திருக்கிறது. படைவீரர்களும், வெளிநாட்டுத் தூதரகங்களில் பணிபுரியும் இந்திய அரசு ஊழியர்களும், அவர்களோடு வசிக்கும் வாழ்க்கைத் துணைவர்களும் பணி வாக்காளர்கள் எனப்படுகிறார்கள். 2016இல் விதிகளைத் திருத்தி, இவர்களுக்கான வாக்குச்சீட்டை மின்னணு முறையில் அனுப்பும் ஏற்பாடு வந்தது. கடவுச்சொல் கொண்டு வாக்குச்சீட்டைத் தரவிறக்கி, அச்சிட்டு, முத்திரையிட்டு, உறுதிமொழியில் அதிகாரியிடம் சான்று வாங்கித் தபாலில் அனுப்ப வேண்டும். எண்ணும் மேசையில் உறையில் உள்ள குறியீட்டைச் சரிபார்த்த பிறகே அது வாக்காக ஏற்கப்படும். 2019 தேர்தலில் ஏறத்தாழ 18 லட்சம் பணி வாக்காளர்கள் பதிவாகியிருந்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகள் திரும்பி வந்தன. நூற்றுக்கு அறுபது. அதே தேர்தலில், வெளிநாட்டிலிருந்து நேரில் வரச் சொல்லப்பட்டவர்கள் அதில் பாதிக்கும் குறைவாக, நூற்றுக்கு இருபத்தைந்து பேரே வாக்களித்தார்கள். அடுத்த தேர்தலில் அதுவும் மூன்றுக்குக் கீழே இறங்கியது என்று ஒப்பிட்டுப் பார்க்கும்போது, குறை எங்கே இருக்கிறது என்பது விளங்கும். இப்படிப் பாருங்கள்: அபுதாபி தூதரகத்தின் கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் எழுத்தர் அங்கிருந்தே தன் ஊர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார். கடவுச்சீட்டைப் புதுப்பிக்க அதே கவுன்டருக்கு வெளியே வரிசையில் நிற்கும் தொழிலாளியும் அதே நாட்டின் குடிமகன்தான். அவருக்கு அது இல்லை. இருவருக்கும் இடையே வசிப்பிடத்தில் வேறுபாடில்லை, குடியுரிமையில் வேறுபாடில்லை. சம்பளம் கொடுப்பவர் யார் என்பது மட்டுமே வேறுபாடு. சம்பளம் கொடுப்பவரைப் பார்த்து ஓட்டுரிமையை அளப்பது எந்த மக்களாட்சிக் கொள்கையிலும் சேராது.

ஊர் நிலவரம் தெரியாது, தேர்தலின் விளைவை அனுபவிப்பதில்லை என்ற ஆட்சேபத்துக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரையை உடைத்தது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பகுதிகள் தண்ணீரில் மூழ்கின. கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் அழிந்தன. நான்கே மாதத்தில் வந்த மக்களவைத் தேர்தலில் வெள்ள நிவாரணமும், அதை ஒன்றிய அரசு தேசியப் பேரிடராக அறிவிக்க மறுத்ததும் தூத்துக்குடித் தொகுதியின் பெரும் பேச்சுகளாக இருந்தன. இடிந்த வீட்டை மறுபடி எழுப்பப் பணம் எங்கிருந்து வந்தது என்று அந்த ஊர்களில் கேட்டால், கணிசமான வீடுகளில் பதில் கடல் தாண்டித்தான் இருக்கும். தன் தாயும் மனைவியும் பிள்ளைகளும் வெள்ளத்தில் இருந்தபோது வளைகுடாவில் தூங்காமல் தொலைபேசியைப் பிடித்திருந்தவருக்கு விளைவு தெரியாது என்று சொல்ல முடியாது. அதோடு மக்களவை முடிவு செய்யும் பல விஷயங்கள் உள்ளூர்வாசியைவிட அவரைத்தான் நேராகப் பாதிக்கின்றன. ஆள்சேர்ப்பு முகவர்களைக் கட்டுப்படுத்தும் குடிபெயர்வுச் சட்டம் 1983இலிருந்து பழசாகிக் கிடக்கிறது. வளைகுடா நாடுகளோடு செய்யும் தொழிலாளர் ஒப்பந்தங்கள், இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவரும் நடைமுறை, சிறைப்பட்ட மீனவரை மீட்பது எல்லாம் தில்லியில் முடிவாகின்றன. இன்னொன்றும் உண்டு. மக்களவைக்கு இந்தியாவில் எந்தத் தொகுதியின் வாக்காளரும் எந்தத் தொகுதியிலும் போட்டியிடலாம். மாநிலங்களவைக்கு அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 2003இல் நீக்கப்பட்டது, 2006இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஊரைக் கண்ணால் பார்த்திராதவர் அந்த ஊரை ஆளலாம். அந்த ஊரில் பிறந்து, அங்கே குடும்பத்தை வைத்திருப்பவர் அவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற வாதம் தன் காலிலேயே நிற்காது.

வரி கட்டாதவருக்கு ஓட்டு எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆனால் வருமான வரிக்கும் வாக்குரிமைக்கும் இருந்த முடிச்சை நாம் 1950இலேயே அவிழ்த்துவிட்டோம். பிரிட்டிஷ் ஆட்சியில் 1919, 1935ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் சொத்தும் வரியும் கல்வியும் உள்ளவருக்கே ஓட்டு இருந்தது. உழைப்பாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கும் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கும் இல்லை. அந்த அளவுகோலைத் தூக்கி எறிந்ததுதான் நம் குடியரசின் முதல் பெருஞ்செயல். இன்று இந்தியாவில் வாக்களிப்பவர்களில் வருமான வரி கட்டாதவர்களே மிகப் பெரும்பான்மை. அவர்களிடம் யாரும் ரசீது கேட்பதில்லை. வெளிநாட்டில் இருப்பவரிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை. பங்களிப்புதான் கேள்வி என்றால், 2024இல் வெளிநாட்டு இந்தியர்கள் ஊருக்கு அனுப்பிய தொகையை உலக வங்கி 129 பில்லியன் டாலர் என்று கணக்கிட்டது. வேறு எந்த நாட்டுக்கும் இவ்வளவு வரவில்லை. அந்தப் பணத்தில் கட்டிய வீட்டுக்கு இங்கே சொத்து வரி உண்டு, வாங்கிய சிமென்டுக்கும் துணிக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. ஆனாலும் என் வாதம் பணத்தின் மேல் நிற்கவில்லை. ஒரு ரூபாய்கூட அனுப்ப முடியாமல் கடனில் தவிக்கும் தொழிலாளிக்கும் அதே ஓட்டுரிமை உண்டு, அவர் குடிமகன் என்பதனால்.

இந்த விவாதத்தில் இரண்டு கூட்டத்தாரைப் போட்டுக் குழப்புவது அடிக்கடி நடக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கொண்டு போனவருக்கு இங்கே ஓட்டு எதற்கு என்று கேட்கிறார்கள். அவருக்கு ஓட்டு கிடையாது, கேட்கவும் இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற நாளிலேயே இந்தியக் குடியுரிமை போய்விடும். கடல்கடந்த இந்தியக் குடிமகன் என்ற அட்டை வைத்திருப்பவருக்கும் வாக்குரிமை இல்லை. நாம் பேசுவது இந்தியக் கடவுச்சீட்டு ஒன்றையே வைத்திருப்பவர்களைப் பற்றி. வெளியுறவு அமைச்சகத்தின் கணக்கில் அவர்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். அவர்களில் பெரும்பங்கினர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். முப்பது ஆண்டு உழைத்தாலும் அந்த நாடுகள் அவர்களுக்குக் குடியுரிமை தருவதில்லை. இங்கே ஓட்டு இல்லையென்றால் பூமியில் எங்குமே அவர்களுக்கு ஓட்டு இல்லை. இப்படி எங்கும் ஓட்டில்லாத தமிழர் கூட்டம் ஒன்று உருவானால் என்ன ஆகும் என்பதைத் தூத்துக்குடி கடலுக்கு எதிர்க்கரை நமக்குக் காட்டியிருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் இந்திய வம்சாவளித் தமிழர்களை, வந்து போகிறவர்கள், மனம் வேறு நாட்டில் இருப்பவர்கள் என்று சொல்லி 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்குரிமையையும் பறித்தார்கள். அவர்களைக் கேட்காமலே 1964இல் இரு நாட்டு அரசுகளும் 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பங்கிட்டுக்கொண்டன. ஓட்டு இருந்திருந்தால் அப்படிப் பங்கிடத் துணிந்திருக்க மாட்டார்கள். மலையக மக்களுக்காக வருந்துகிற தமிழ்நாடு, அதே வாதத்தைத் தன் சொந்தத் தொழிலாளர்கள்மேல் வீசுவது பொறுக்கக்கூடியதாக இல்லை.

எதிர்த்தரப்பின் ஆட்சேபங்களில் நான் மிகவும் மதிப்பது இரகசியம் பற்றியது. வாக்குச்சாவடியின் மறைப்புக்குப் பின்னால் ஒருவரும் எட்டிப்பார்க்க முடியாது. தொழிலாளர் முகாமில் எட்டுப் பேர் தங்கும் அறையில் அச்சிட்ட வாக்குச்சீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முதலாளியோ மேஸ்திரியோ கட்சி அமைப்பாளரோ பக்கத்தில் நின்று மிரட்டலாம், வாங்கலாம். இது கற்பனை அச்சம் ஆகாது. இதனால்தான், வேறொருவரை நியமித்து அவர் வழியாக ஓட்டுப் போடும் முறையை நான் ஏற்கவில்லை. 2018 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றிய திருத்த மசோதா அந்த முறையைத்தான் கொண்டுவர இருந்தது. மாநிலங்களவைக்கு வராமல் 2019இல் அது காலாவதியானது. ஒரு குடும்பத்தில் வெளிநாட்டில் இருக்கும் மகன், மருமகள் எல்லாருடைய ஓட்டையும் ஊரில் உள்ள ஒருவர் தன் விருப்பப்படி போட வழி செய்யும் முறை அது. இரகசியத்தையும் தனி முடிவையும் ஒருசேரக் கெடுக்கும். என் யோசனை வேறு. வாக்குச்சீட்டைத் தூதரகத்திலோ தூதரகம் நடத்தும் முகாமிலோ அதிகாரி அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்; மறைப்புக்குள் தனியாக முத்திரையிட்டு, உறையை ஒட்டி, அங்கேயே ஒப்படைக்க வேண்டும்; கட்சிகளின் முகவர்கள் அதைப் பார்க்க வேண்டும். 2020 நவம்பர் 27 அன்று தேர்தல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு அனுப்பிய யோசனையும் தூதரக அதிகாரி வழியாகவே நடப்பதாக இருந்தது. தபால் ஓட்டில் நடைமுறை தெளிவாக இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்து மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது. 2016இல் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பமிட்ட 203 தபால் வாக்குகள், அவர் தகுதியான அதிகாரி இல்லை என்று தள்ளப்பட்டிருந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2019இல் மறு எண்ணிக்கைக்கு உத்தரவாகி, உச்ச நீதிமன்றம்வரை இழுத்தது. சான்று யார் தரலாம் என்பதை ஐயத்துக்கு இடமின்றி முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் என்பதே அந்த வழக்கு கற்பிப்பது. தபால் ஓட்டையே ஒழிக்க வேண்டும் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

தூதரகங்களால் இவ்வளவு பேரைச் சமாளிக்க முடியுமா, அந்நிய மண்ணில் தேர்தல் நடத்த அந்த நாடு விடுமா என்றும் கேட்கிறார்கள். இதற்குப் பதில் நம் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால், சென்னையில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், 2022 ஏப்ரலில் பிரான்சின் அதிபர் தேர்தலுக்கு இங்கே அமைத்த வாக்குச்சாவடிகளிலேயே ஓட்டுப் போட்டார்கள். பிரான்ஸ் 2012 முதல் வெளிநாட்டுக் குடிமக்களுக்கென்றே பதினொரு தொகுதிகளை வைத்து உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கிறது. பிரான்ஸ் பணக்கார நாடு என்றால், பிலிப்பைன்ஸைப் பாருங்கள். நம்மைப் போலவே வளைகுடாவுக்கும் கப்பல்களுக்கும் ஆட்களை அனுப்பும் நாடு அது. 2003இல் சட்டம் இயற்றி, 2004 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரையும் மாலுமிகளையும் அங்கிருந்தே வாக்களிக்க வைக்கிறது. சவூதியிலும் அமீரகத்திலும் பிலிப்பைன்ஸ் தொழிலாளி தன் நாட்டு அதிபரைத் தேர்ந்தெடுக்கும் அதே ஊரில், பக்கத்து அறையில் இருக்கும் நம் ஆள் சும்மா இருக்கிறார். தபால் வந்துசேர நேரம் போதாது என்ற கவலையும் தமிழ்நாட்டைப் பொறுத்தவரை நிற்காது. 2024இல் நம் வாக்குகள் ஏப்ரல் 19 முதல் ஜூன் 4 வரை 46 நாட்கள் பூட்டிய அறையில் காத்திருந்தன. எண்ணிக்கை தொடங்கும் நேரம்வரை வந்துசேரும் தபால் வாக்குகளை விதிகள் ஏற்கின்றன.

யார் எங்கே இருக்கிறார் என்று தெரியாது என்பதும் சொல்லப்படுகிறது. 2020 ஜூன், ஜூலையில் கொரோனா முடக்கத்தின்போது ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் கொழும்பிலிருந்தும், மாலேயிலிருந்தும், ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்தும் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 700 இந்தியரைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. ஈரானிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் மீனவர்கள். தூதரகங்கள் அவர்களைப் பெயர் பெயராகப் பதிவு செய்து, சரிபார்த்து ஏற்றின. குறைந்த கல்வியோடு பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவரின் விவரம் அரசின் இ-மைக்ரேட் அமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு மாலுமிக்கும் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் தந்த சி.டி.சி. புத்தகம் உண்டு, 2019 முதல் முகப் பதிவு கொண்ட அடையாள அட்டையும் வந்துவிட்டது. வெளியே அனுப்பும்போது அடையாளம் காணவும், ஆபத்தில் மீட்டுக் கொண்டுவரவும் தெரிந்த அரசுக்கு, ஓட்டுக் கொடுக்கும்போது மட்டும் ஆள் தெரியாமல் போவதை ஏற்க முடியாது.

வெளிநாட்டு வாக்குகள் முடிவையே புரட்டிவிடும் என்ற அச்சம் கட்சிகளுக்குள் வெளிப்படையாகப் பேசப்படாமல் இருக்கிறது. 2024இல் நாட்டின் மொத்த வாக்காளர்கள் ஏறத்தாழ 97 கோடி. வெளிநாட்டில் உள்ள ஒன்றரைக் கோடிப் பேரும் பதிவு செய்து வாக்களித்தால்கூட நூற்றுக்கு ஒன்றரைதான். சில தொகுதிகளில் அது வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கலாம். தீர்மானிக்கட்டும். முடிவை மாற்றக்கூடியவர் என்பதற்காக ஒரு குடிமகனின் ஓட்டைத் தடுப்பது என்றால், நெருக்கமான தொகுதிகளில் உள்ளூரிலும் பலரைத் தடுக்க வேண்டிவரும். நாட்டுக்குள்ளேயே ஊர்விட்டு ஊர் போன கோடிக்கணக்கான தொழிலாளர் ஓட்டுப் போட முடியாதபோது வெளிநாட்டாருக்கு என்ன அவசரம் என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. திருப்பூரில் பனியன் தைக்கும் பீகார் தொழிலாளியின் இழப்பும் இதே இழப்புதான், எண்ணிக்கையில் இன்னும் பெரியது. அவருக்காகத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முன்வந்த தொலைதூர வாக்கு இயந்திரத்தைக் கட்சிகள் ஏற்கவில்லை. ஆனால் ஒருவரின் இழப்பு மற்றவரின் இழப்பை நியாயப்படுத்தாது. வாக்காளர் இருக்கும் இடத்துக்கு வாக்குச்சீட்டு போக வேண்டும் என்ற கொள்கை ஒருமுறை படைவீரருக்கு அப்பால் நகர்ந்துவிட்டால், அது இருவருக்கும் வழி திறக்கும். மூத்த குடிமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலிலேயே வாக்குச்சீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆணையம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது; அதனால் தேர்தலின் தூய்மை கெட்டுவிடவில்லை.

தள்ளிப்போடுவதற்கு இனி நேரமும் இல்லை. 2025 டிசம்பரில் வெளியான தமிழ்நாட்டின் சிறப்புத் தீவிரத் திருத்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. அவற்றில் 66 லட்சத்துக்கும் மேற்பட்டவை இடம்பெயர்ந்தவர், முகவரியில் இல்லாதவர் என்ற காரணத்தால். அவர்களில் பெரும்பாலோர் நாட்டுக்குள்ளேயே இடம் மாறியவர்கள். ஆனால் வீட்டில் ஆள் இல்லை என்ற காரணம் கப்பலுக்குப் போனவரையும் வளைகுடாவுக்குப் போனவரையும் சேர்த்தே அடிக்கும். ஓட்டுப் போட வழியில்லாதவருக்குப் பட்டியலில் பெயரைக் காத்துக்கொள்ளும் ஊக்கமும் இருக்காது. இப்படியே போனால் வாக்குரிமை இருந்தும் பயன்படுத்த முடியாத நிலையிலிருந்து, பெயரே இல்லாத நிலைக்கு இந்தக் கரையின் உழைப்பாளிகள் தள்ளப்படுவார்கள்.

ஆகவே வேண்டியது இவ்வளவுதான். முதல் கட்டமாக மாலுமிகளுக்கும், கப்பல்களிலும் மீன்பிடிப் படகுகளிலும் ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களுக்கும் பணி வாக்காளர் போலவே மின்னணுத் தபால் வாக்கைத் தர வேண்டும். கப்பலின் கேப்டன் சான்று தரத் தகுதியானவர் என்று விதியில் எழுத வேண்டும். இரண்டாம் கட்டமாக வளைகுடா நாடுகளில் தூதரக மறைப்புக்குள் வாக்களிக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். மூன்றாவதாக எல்லா நாடுகளுக்கும் விரிக்க வேண்டும். பல்லாண்டுகளாக ஊர்ப்பக்கமே வராதவர்களுக்கு ஒரு கால வரம்பு வேண்டும் என்று யாராவது வாதிட்டால் அதைப் பேசலாம். பிரிட்டன் பதினைந்து ஆண்டு வரம்பை வைத்திருந்து 2024இல்தான் நீக்கியது. மூன்று கட்டங்களுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளைத் திருத்தினால் போதும் என்று தேர்தல் ஆணையமே தன் கடிதத்தில் எழுதியது. அந்தக் கடிதம் சட்ட அமைச்சகத்தில் 2020 முதல் கிடக்கிறது. அரசு பரிசீலிக்கிறது என்ற உறுதியை நம்பி உச்ச நீதிமன்றம் 2022இல் வழக்குகளை முடித்துவைத்த பிறகும் ஒன்றும் நகரவில்லை. தூத்துக்குடியின் நாடாளுமன்ற உறுப்பினரும், தமிழ்நாட்டின் ஒவ்வொரு கட்சியும், அடுத்த மக்களவைத் தேர்தலுக்கு முன் இந்த விதித் திருத்தத்தை வெளியிடு என்று அமைச்சகத்தை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். கேட்காத கட்சிக்கு, கப்பலில் இருக்கும் மகனின் வீட்டு வாசலில் வந்து நின்று ஓட்டுக் கேட்கும் உரிமை கிடையாது.